கத்தியை எத்தனை முறை எடுத்துப் பார்த்தாய்?

முதல் முறை ஆடி முடித்தபோது ஜேம்ஸ் காரோடு ஏரிக்குள் போனான். இரவு இரண்டரை மணி. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எந்த இடத்திலும் நான் அவனைச் சாகச் சொல்லவில்லை. ஆமா, இல்லையா என்று ஒரு கேள்விகூடத் திரையில் வரவில்லை. எதை வைத்து இந்த கேம் இப்படி முடிவு கட்டியது?

‘சைலன்ட் ஹில் 2’ கேமின் புதிய வடிவத்தை ஐந்து வாரமாக பிளேஸ்டேஷன் 5-இல் ஆடிக்கொண்டிருக்கிறேன். போலந்தில் கிராகோவ் நகரத்தின் புளூபர் டீம் கொனாமிக்காகச் செய்த இது 2024 அக்டோபரில் வெளியானது. மூடுபனி, வெளிச்சம், அகிரா யமாவோகாவின் இசை எல்லாம் ஏற்கெனவே எல்லோரும் பாராட்டியவைதான், பாராட்டு தகும். 2012-இல் வந்த எச்.டி. தொகுப்பில் அந்தப் பனியே கெட்டுப்போயிருந்ததைப் பார்த்த பழைய ரசிகனுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் நான் எழுத வந்தது முடிவுகளைப் பற்றி. கதை தெரியாமல் ஆட நினைப்பவர்கள் ஆடி முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் இறந்த மனைவி மேரியின் கடிதம் வருகிறது என்று ஜேம்ஸ் சன்டர்லண்ட் சைலன்ட் ஹில் என்ற ஊருக்குப் போகிறான். அங்கே மேரியின் அதே முகத்தோடு மரியா என்றொருத்தி. நோயில் கிடந்த மேரியைத் தலையணையால் அமுக்கிக் கொன்றது தன் கைதான் என்று கடைசியில் அவனுக்கு நினைவு வருகிறது. அதற்குப் பிறகு அவன் என்ன ஆகிறான் என்பதற்கு 2001-இல் வந்த பழைய கேமில் ஐந்து முடிவுகள் இருந்தன. பின்னால் வந்த பதிப்பில் ஆறு. இப்போது எட்டு.

திகில் கேம்களில் பல முடிவுகள் புதிதல்ல. 1996-இன் ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமில் கூட்டாளியைக் காப்பாற்றினால் நல்ல முடிவு. ‘அன்டில் டான்’ (2015) நாம் எடுக்கும் முடிவு கதையை மாற்றும்போதெல்லாம் திரையில் பட்டாம்பூச்சியைப் பறக்கவிட்டுச் சொல்லியே காட்டும். தேர்ந்தெடுக்கிறோம் என்று நமக்குத் தெரியும். சைலன்ட் ஹில் 2 நம்மைக் கேட்பதே இல்லை. பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டே வருகிறது.

அடிபட்டதும் உடனே மருந்து குடிக்கிறானா, ரத்தம் வழிய வழிய நடக்கிறானா? மேரியின் படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பார்க்கிறானா? மரியாவை ஒட்டி நடக்கிறானா, விட்டுவிட்டு ஓடுகிறானா? ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் கிடக்கும் டைரியைப் படித்தானா? எல்லாம் கணக்கில் ஏறுகிறது. பிழைத்து ஊரைவிட்டுப் போவதா, ஏரியா, மரியாவோடு போவதா என்பது கடைசியில் அந்தக் கணக்கைப் பொறுத்தது.

என் கணக்கு எங்கே சாய்ந்தது என்பது பிறகுதான் புரிந்தது. நான் மருந்தைச் சேர்த்துவைக்கும் ஆள். பெரிய பூதத்துக்கு வேண்டும் என்று பாட்டில்களைப் பூட்டிவைத்து, திரையோரம் சிவக்கச் சிவக்க ஜேம்ஸை இழுத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு அது சிக்கனம். கேமுக்கோ, உடம்பைப் பற்றிய அக்கறை விட்டுப்போன ஒருவன்.

அடுத்தது கத்தி. தகப்பனால் சீரழிக்கப்பட்ட ஏஞ்சலா, தன்னையே முடித்துக்கொள்ள வைத்திருந்த கத்தியை ஜேம்ஸிடம் விட்டுப்போகிறாள். அதை ஆயுதமாக எங்கேயும் பயன்படுத்த முடியாது. எடுத்துப் பார்க்க மட்டும் முடியும். ஏதாவது புதிருக்கு உதவும் என்று நினைத்து அடிக்கடி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருநாள் கேட்டாள்: “என்னடா, அந்தக் கத்தியவே எடுத்து எடுத்துப் பாத்துட்டிருக்க? பயமா இருக்கு, உள்ள வை.” அக்கா ஜேம்ஸைப் பார்த்துச் சொன்னது அது. கேமும் அதையே கவனித்திருக்கிறது. கத்தியைப் பார்க்கப் பார்க்க ஏரி நெருங்கும்.

இப்படி ஒரு யோசனை 2001-இலேயே, பழைய கேமைச் செய்த டீம் சைலன்ட் குழுவுக்கு வந்திருக்கிறது என்பதை நினைக்க இன்னும் வியப்பாக இருக்கிறது. துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் “எப்படி இருக்க?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்பார். சாப்பிட்டாரா, தூங்கினாரா, எந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

எரிச்சலும் உண்டு. பழைய கேமை எட்டு மணி நேரத்தில் முடித்திருக்கிறேன். இதற்கு எனக்கு முதல் முறை பதினேழு மணி நேரம் ஆனது. குடியிருப்புகளும் சிறைச்சாலையும் நீண்டுகொண்டே போகின்றன. அதே உருவங்களை அதே இரும்புக் குழாயால் அடித்துக்கொண்டே இருக்கிறோம். ஒருமுறை ஆடுபவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் எட்டில் ஐந்து முடிவுகள் ஒருமுறை முடித்த பிறகே கிடைக்கும். முடிவுகளே உயிரான ஒரு கேமில் இன்னொரு முடிவைப் பார்க்க இவ்வளவு நடக்கவைப்பது பெரிய பிழை. பலர் இணையத்தில் வீடியோவாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எல்லாவற்றையும் ஒரு ஷிபா நாய் இருந்து இயக்கிக்கொண்டிருந்தது என்று காட்டும் அந்தப் புகழ்பெற்ற முடிவை வீடியோவில் பார்த்தால் பாதி சந்தோஷம்தான்.

எது உண்மையான முடிவு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2004-இல் வந்த, இந்தத் தொடரின் நான்காவது கேமில் ஃபிராங்க் சன்டர்லண்ட் என்ற கிழவர், தன் மகனும் மருமகளும் சைலன்ட் ஹில்லில் காணாமல் போனதைச் சொல்கிறார். அவ்வளவுதான். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, நிரூபிக்கவும் வேண்டாம். மரியாவோடு ஊரைவிட்டுக் கிளம்பும் முடிவில் அவள் இருமுகிறாளே, அந்த இருமல் எனக்கு ஏரியைவிடப் பயங்கரம்.

இரண்டாம் முறை எல்லாம் தெரிந்துகொண்டு ஆடினேன். கீறல் விழுந்தாலே மருந்து. மணிக்கொரு தரம் மேரியின் படம். கத்தியைத் தொடவில்லை. மனசு ஒட்டவே இல்லை. பரீட்சைக்கு விடை எழுதுவதுபோல் இருந்தது. இந்த அமைப்பின் பலவீனம் இதுதான்: ரகசியம் தெரிந்த நிமிடத்திலிருந்து நாம் ஜேம்ஸாக இல்லை, ஜேம்ஸ்போல நடிக்கிறோம். ஆட்டம் அதைக் கண்டுபிடிப்பதில்லை.

கடைசிக்குச் சற்று முன் ஒரு நீண்ட நடைபாதை வருகிறது. எதிரிகள் இல்லை. மேரியின் குரல் மட்டும். பூ எதற்கு, போய்விடு என்று ஜேம்ஸைத் திட்டுகிறாள். பிறகு அதே மூச்சில் போகாதே என்று கெஞ்சுகிறாள். முதல் முறை நான் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நடையைக் கட்டிவிட்டேன். கதவு தெரிந்தது, போனேன்.

இந்த முறையும் கை தானாகக் கதவுப் பக்கம் போனது. “நில்லுடா,” என்றாள் அக்கா.

அம்மாவைக் கடைசி இரண்டு வருடம் பார்த்துக்கொண்டது அவள். நான் அப்போது வெளியூரில், வாரம் ஒருமுறை போனில்.

“அம்மாவும் இப்படித்தான்டா. என்னைத் திட்டித் தீர்ப்பாங்க. தண்ணி எடுத்துட்டு வரலாம்னு எந்திரிச்சா, முந்தானையப் பிடிச்சுக்குவாங்க. அவ பேசி முடிக்கட்டும்.”

கன்ட்ரோலரை மடியில் வைத்தேன். ஜேம்ஸ் நடைபாதை நடுவில் நின்றான். குரல் ஓய்ந்த பிறகு, அக்கா தலையசைத்ததும்தான், கதவைத் திறந்தேன்.