யார் பெயரை வைப்பது?

ஆண் குழந்தை பிறந்த வீட்டில் இன்று முதலில் எழும் கேள்வி, "என்ன எழுத்து வந்திருக்கு?" என்பது. நட்சத்திரமும் பாதமும் பார்த்து ஜோதிடர் ஓர் எழுத்தைச் சொல்கிறார். அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்களைக் கைபேசியில் தேடுகிறார்கள். பிடித்ததை ஆங்கிலத்தில் எழுதி, எண்கணிதம் பார்ப்பவரிடம் கூட்டுத்தொகை கேட்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன் அதே வீட்டில் கேட்ட கேள்வி வேறு: "யார் பேரை வைக்கப் போறீங்க?" 'யார்' போய் 'எழுத்து' வந்ததில் நாம் இழந்தது கொஞ்சமல்ல என்பது என் எண்ணம். அதேசமயம், அந்த 'யார்' எல்லாருக்கும் நியாயமாகவும் இருக்கவில்லை.

பழைய விடைகளில் முதலாவது தாத்தா. பாட்டன் பெயர் பேரனுக்கு என்பது குடியானவர் வீடு முதல் அரண்மனைவரை நின்ற வழக்கம். முதலாம் பராந்தக சோழனின் பேரனான சுந்தர சோழன், இரண்டாம் பராந்தகன். கீழைச் சாளுக்கிய அரச குடும்பத்தில் பிறந்து, 1070இல் சோழ அரியணை ஏறிய முதல் குலோத்துங்கனின் இளமைப் பெயர் இராசேந்திரன்; கங்கைகொண்ட இராசேந்திரன் அவனுக்குத் தாய்வழிப் பாட்டன். தகப்பன் குடியில் பிறந்து தாத்தாவின் நாட்டை ஆளவந்தவனுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருந்திப்போனது!

செட்டிநாட்டில் இந்த வழக்கம் இன்னும் உறுதியாக இருக்கிறது. மூத்தவனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். இதில் சிக்கல் தாய்க்குத்தான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. சேட்டை பண்ணுகிற பிள்ளையை "டேய் அண்ணாமலை" என்று அவள் அதட்டினால் மாமனாரையே அதட்டியதாகிவிடும். ஆகவே கூப்பிடுவதற்கென்று தனியாக ஒரு பெயர் வேண்டியிருந்தது: ராஜா, மணி, தம்பி, சின்னையா. பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, தெருவில் ஒன்று என்று தமிழ்ப் பையன்கள் இரண்டு பெயரோடு வளர்ந்ததற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம். உ.வே. சாமிநாதையருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்று அழைத்து, அது 'சாமா' என்று சுருங்கியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, சாமிநாதன் என்ற பெயரே ஆசிரியருக்குப் பிடித்திருந்தது. தமிழ் உலகம் அறிந்தது அந்தப் பெயரைத்தான்.

தாத்தாவுக்கு அடுத்த விடை ஊர்ச்சாமி. ஒருவர் பெயரைக் கேட்டாலே ஊர் தெரிந்த காலம் உண்டு. நெல்லையப்பன் என்றால் திருநெல்வேலி, தாணுமாலயன் என்றால் சுசீந்திரம், சங்கரலிங்கம் என்றால் சங்கரன்கோவில், ஏகாம்பரம் என்றால் காஞ்சிபுரம், தியாகராஜன் என்றால் திருவாரூர், மருதாசலம் என்றால் கோவைப் பக்கம். பெருங்கோயில்களைவிட எல்லைச்சாமிகள் இன்னும் துல்லியமாக ஊரைக் காட்டிக்கொடுக்கும். இசக்கிமுத்துவும் சுடலைமுத்துவும் தாமிரபரணிக் கரையைத் தாண்டி அதிகம் போகமாட்டார்கள். ஒச்சப்பன் என்றால் உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சாண்டம்மன் கும்பிடுகிற குடும்பம். நாகூர் ஆண்டவரிடம் நேர்ந்து பெற்ற பிள்ளை சாகுல் ஹமீது அல்லது நாகூர் மீரான். கத்தோலிக்கர் வீட்டில் புனிதர்களே தமிழ் பேசினார்கள்: பேதுரு இராயப்பர் ஆனார், பவுல் சின்னப்பர் ஆனார், சவேரியார் சவரிமுத்துவாக வீட்டுக்குள் வந்தார். நீலகண்டன் என்று பிறந்தவர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமான தேவசகாயம் ஆனார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. குமரி மாவட்டத்தில் தேவசகாயம் என்ற பெயருக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

சாமி பெயர் வைப்பதற்காக வாதாடிய மிகப் பழைய குரல்களில் ஒன்று பெரியாழ்வாருடையது. அவருடைய திருமொழியின் நான்காம் பத்தில் ஒரு பதிகம் முழுவதும் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பேச்சுத்தான். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மனிதர் பெயரை வைக்காதீர்கள், நாரணன் பெயரை வையுங்கள், அவனைப் பெற்றவள் நரகம் புகமாட்டாள் என்று தாய்மாரைப் பார்த்துச் சொல்கிறார். வசதியுள்ளவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்து, அதற்குப் பரிசு வாங்கும் வழக்கம் அவர் காலத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது பக்தியைவிட அதன் கணக்கு. தாய் தன் மகனை ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிடுவாள்! அத்தனை முறையும் அது நாமசெபம் ஆகட்டுமே என்கிறார்.

பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் தாத்தாவும் சாமியும்கூடப் பின்னுக்குப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று பறிகொடுத்தபின் பிறந்த ஆண் பிள்ளையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எடுத்துக்கொள்வாள். பெற்றவள் அவளிடம் தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையையே விலைக்கு வாங்குவாள். சில வீடுகளில் மூக்கும் குத்துவார்கள். பிறகு குப்புசாமி, பிச்சை, பிச்சைமுத்து, தவிடன், மூக்கையா என்று பெயர். யாருக்கும் வேண்டாத பிள்ளை இது, எடுத்துக்கொண்டு போகாதே என்று எமனுக்குச் சொல்வதற்கான ஏற்பாடு. திரைப்படங்களில் இந்தப் பெயர்களைச் சிரிப்புக்கு வைத்தபோதெல்லாம் எனக்கு மனம் கொதித்திருக்கிறது. சாவுக்குப் பயந்த ஒரு தாய்க்குத் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கையில் கிடைத்த கடைசி ஆயுதம் அந்தப் பெயர். தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்தபின் அந்த ஆயுதம் தேவைப்படவில்லை.

ஆனால் குப்பன் என்ற பெயர் எல்லா வீட்டுக்கும் அந்தப் பயத்தால் வந்ததல்ல. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம், பிராமணன் பெயர் மங்கலத்தையும், க்ஷத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும், சூத்திரன் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும் என்கிறது. ஏட்டைப் படிக்காத ஊரிலும் அது நடந்தது. ஒரே முருகன் பெயர், ஒரு தெருவில் சுப்பிரமணியன், அடுத்த தெருவில் சுப்பையா, ஊருக்கு வெளியே சுப்பன். 'சாமி' என்று முடியும் பெயரைச் சேரிப் பிள்ளைக்கு வைத்தாலும் ஆண்டையின் வாயில் முனுசாமி முனியன் ஆகிவிடும். அவனைச் சாமி என்று கூப்பிட நேர்ந்துவிடுமே என்பதுதான் அச்சம். பழைய பெயரிடும் முறையை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கட்டு உடைந்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. இன்று தமிழ்நாட்டில் வகுப்பறைப் பதிவேட்டைப் படித்தால் சாதி தெரியாது. இந்தியாவின் பல மாநிலங்களில் நடக்காத காரியம் இது. மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. வேதாசலம் மறைமலை ஆனார். பின்னாளில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். மாறன், வளவன், இளங்கோ, கபிலன், பாரி என்று அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பிறக்கும்போதே அந்தப் பெயர்களோடு பிறந்தார்கள். தெருவின் எந்தக் கோடியில் பிறந்தவனும் செழியன் ஆகலாம், அதைச் சுருக்கிக் கூப்பிட ஆண்டைக்கு வழியில்லை என்பதுதான் இதில் பெரிய விடுதலை. தொல். திருமாவளவன் தம் தந்தை இராமசாமியின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றினார். மகன் தகப்பனுக்குப் பெயர் சூட்டிய அரிய நிகழ்ச்சி அது.

அரசியலும் பெயர் கொடுத்தது. காந்தி, நேரு, ஜீவா, லெனின், மதுரை இராமநாதபுரம் பக்கம் போஸ். 1953 மார்ச் முதல் நாள் பிறந்த மு.க. ஸ்டாலினுக்கு அந்தப் பெயர் வந்தது, அதே வாரம் மறைந்த சோவியத் தலைவரின் நினைவாக. என் மனத்தை அதிகம் தொட்டது தேனி மாவட்டம். 1895இல் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் பாட்டன் முறை ஆகிவிட்டான்.

இப்போது எழுத்துக்கு வருவோம். இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்து. இந்த அட்டவணை தமிழ் நெடுங்கணக்குக்காகச் செய்ததல்ல. முருகனுக்கு உகந்த பூசத்துக்கு அது கொடுப்பது ஹு, ஹே, ஹோ, ட. ஆயில்யத்துக்கு டகர வரிசை. இவற்றில் ஒன்றுகூடத் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. தைப்பூசத்தன்று பிறந்த பிள்ளைக்கு வேலன் என்று வைக்க முடியாமல், ஹே-யில் தொடங்கும் ஏதோ ஒன்றை இரவெல்லாம் தேடுகிற பெற்றோரைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எண்கணிதம் இதற்கு மேலே போகிறது. அது ஆங்கில எழுத்துகளுக்குத்தான் எண் வைத்திருக்கிறது. கூட்டுத்தொகைக்காக ஒரு எச், ஒரு ஏ கூடுதலாக நுழைகிறது. தமிழில் எழுதினால் அந்த எழுத்துக்கு இடமே இல்லை. இப்படிப் பிறக்கும் பெயர்கள் யாரையும் நினைவூட்டுவதில்லை. எந்த ஊரையும் சொல்வதில்லை. பேரனைக் கூப்பிட நாக்குப் புரளாமல் பாட்டி "தம்பி" என்றே கூப்பிட்டுவிடுகிறாள்.

எதிர்த்திசையில் நடப்பதும் உண்டு. கவின், இனியன், முகிலன், மகிழன் என்ற பெயர்கள் மீண்டும் தொட்டிலுக்கு வருகின்றன. கீழடிப் பானை ஓடுகளில் கீறியிருந்த ஆதன், இரண்டாயிரம் ஆண்டு கழித்துப் பிறப்புச் சான்றிதழில் ஏறுகிறான். என்னைக் கேட்டால், வேண்டியவர் ஒருவரை முதலில் நினையுங்கள். தாத்தாவோ, பாட்டியோ, ஆசிரியரோ, அணை கட்டியவரோ. அவரோடு தொடர்புள்ள பெயரில் எந்த எழுத்து முதலில் நின்றாலும் நிற்கட்டும்.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். பெயரைப் பன்னிரண்டு மாதம்வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின்னும் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுவரை இடமுண்டு. மருத்துவமனையில் படிவத்தை நீட்டினார்கள் என்பதற்காகத் தோன்றியதை எழுதிவிடுகிற குடும்பங்கள் இதை அறிந்திருப்பதில்லை.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்வது நல்லது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதுகிறோம். டொரண்டோவிலும் சிட்னியிலும் அந்தக் கட்டம் அப்படியே அடுத்த தலைமுறைக்கும் நிலைத்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் கந்தசாமி என்று பிறந்தவரின் பேரப்பிள்ளைகள், ஆணும் பெண்ணும், அங்கே பள்ளியில் கந்தசாமி என்றே அழைக்கப்படுகிறார்கள். இன்று தொட்டிலில் கிடக்கும் மகனுக்கு நாம் வைக்கும் பெயரைச் சுமக்கப்போவது அவன் மட்டுமல்ல. கடல் கடந்து போனால், அவன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைத்தான் தங்கள் பெயருக்குப் பின்னால் எழுதுவார்கள்.