ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சிருங்காரம்

இமயமலை அடிவாரச் சமஸ்தானங்களின் பஹாடி ஓவியம் என்றால் நமக்கு நினைவில் வருவது காங்ராதான்: மெல்லிய முகம், நிலா, பூத்த மரம். அதற்கும் முன்னே ராவி நதிக்கரையில் பசோலி இருந்தது. அங்கே 1695-ல் தேவிதாசர், நாயகி வகைகளைச் சொல்லும் பானுதத்தரின் ‘ரசமஞ்சரி’யைக் கிருபால் பால் அரசருக்காக வரைந்தார். தகிக்கும் மஞ்சள், சிவப்பு, காதளவோடிய கண்கள். நகைகளில் மின்னும் மரகதம் வண்ணமல்ல, வண்டின் சிறகோட்டுத் துணுக்கு!

அந்த வண்டுச் சிறகும் மஞ்சளும் குலேர் ஊர்க்காரரான மானக்குவிடமும் உண்டு. ஜெயதேவரின் ‘கீத கோவிந்த’த்தை 1730-ல் அவர் ஏடு ஏடாகத் தீட்டினார். தோழி ராதையிடம் பேசுவது தாளின் ஒரு பாதி. அவள் சொல்லும் காட்சி, கோபியரோடு ஆடும் கண்ணன், அதே தாளின் மறுபாதி. கேட்பவளின் பொறாமையை முகத்தில் தேட வேண்டாம், நடுவே விட்ட இடைவெளியே சொல்லிவிடும். இதைக் ‘கரடுமுரடு’ என்று ஒதுக்குபவர்கள் பாட்டைப் படிக்காமல் படம் பார்ப்பவர்கள் என்பேன்.

மானக்குவைப் பெண் என்று எழுதியவர்களும் உண்டு. யாத்திரிகர்களின் வம்சாவளியைக் குறித்துவைக்கும் ஹரித்துவாரப் பண்டாக்களின் பதிவேடுகளைப் புரட்டிய கலை வரலாற்றாளர் பி.என். கோஸ்வாமி குழப்பத்தைத் தீர்த்தார். தச்சர் மரபில் வந்த பண்டிட் சேயுவின் மூத்த மகன் மானக்கு; இளையவர் நைன்சுக். ஓவியப் பள்ளிகளைச் சமஸ்தானத்தின் பெயரால் பிரிக்காதீர்கள், ஓவியன் குடும்பத்தைப் பாருங்கள் என்று 1968-ல் கோஸ்வாமி வாதிட்டார். ராஜபுத்திர ஓவியத்தை முகலாய ஓவியத்திலிருந்து பிரித்துக் காட்டி 1916-ல் நூல் எழுதியவர் கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி. அவர் போட்ட பாதையில் கோஸ்வாமியின் வாதம் அடுத்த எட்டு.

இந்த அளவுகோலை வைத்தால் காங்ராவும் வேறாகத் தெரிகிறது. 1775 வாக்கில் வந்த இன்னொரு ‘கீத கோவிந்த’த்தைத் தீட்டியவர்கள் இந்தச் சகோதரர்களின் பிள்ளைகள் தலைமுறை. கூடலை அவர்கள் ஒளிக்கவில்லை. ஆற்றையும் கொடியையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். இனிமை கூடியது, உண்மைதான். ஆனால் பாதி வேலையை நிலவே செய்துவிடுகிறது. மானக்குவுக்கு அந்த உதவி கிடையாது; வெறும் மஞ்சள் பரப்பில் இரண்டு உடல்களை நிறுத்தி விரகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. என் ஓட்டு அண்ணனுக்கே.

பிரிவினையின்போது லாகூர் அருங்காட்சியகச் சேகரத்தில் நாற்பது விழுக்காடு இந்தியாவுக்கு வந்தது. மானக்குவின் ஏடுகளும் அப்படித்தான் சிதறின; ஒரு பகுதி சண்டிகர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், ரோஜாத் தோட்டத்தோடு திரும்பிவிடாதீர்கள்.