ஆறரை அடிச் சென்டர்

கைல் ஹைன்ஸ் ஆறரை அடி உயரமுள்ள சென்டர். கூடைப்பந்து தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே வியப்பைத் தரும். சென்டர் என்பது கூடைக்கு அடியில் நின்று காவல் காக்கிற இடம். ஏழடியும் அதற்கு மேலும் வளர்ந்தவர்களைத் தேடிப் பிடித்து அணிகள் அங்கே நிறுத்தும். 1.98 மீட்டர் உயரத்தோடு அந்த இடத்தில் நின்று, 2008 முதல் 2024 வரை பதினாறு பருவங்கள் ஐரோப்பாவில் ஆடினார் இந்த அமெரிக்கர். நான்கு நாடுகள், ஐந்து கிளப்புகள், ஐரோப்பிய கிளப்புகளின் தலைமைப் போட்டியான யூரோலீக்கில் நான்கு பட்டங்கள். அந்தப் போட்டியின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்று முறை. என்.பி.ஏ.வில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனால் தடுப்பாட்டத்தை ஒரு கலையாக ரசிக்கத் தெரிந்தவர்கள், அவர் தலைமுறையில் பார்த்தே தீர வேண்டியவர்களில் ஒருவராக அவரைச் சொல்வார்கள்.

1986-இல் பிறந்தவர், நியூ ஜெர்சியின் தென்பகுதியில் வளர்ந்தவர். 2004 முதல் நான்கு ஆண்டுகள் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ அணிக்கு ஆடினார். பெரிய கல்லூரிகளின் வெளிச்சம் விழாத அணி அது. அங்கே அவர் 2,000 புள்ளிகள், 1,000 ரீபவுண்டுகள், 300 பிளாக்குகள் என்ற மூன்று எல்லைகளையும் தாண்டினார். அமெரிக்கக் கல்லூரி ஆட்ட வரலாற்றில் இம்மூன்றையும் ஒருசேரத் தாண்டியவர்கள் மிகச் சிலரே. டேவிட் ராபின்சன், அலான்சோ மோர்னிங், டிம் டங்கன் அவர்களில் சிலர். மூவரும் ஏழடியை ஒட்டிய உயரம். மூவருக்கும் என்.பி.ஏ.வின் கதவு அகலத் திறந்தது. ஹைன்ஸுக்குத் திறக்கவில்லை. 2008 என்.பி.ஏ. வீரர் தேர்வில் எடுக்கப்பட்ட அறுபது பேரில் அவர் பெயர் இல்லை.

அன்றைய கணக்குப்படி அது விளங்கக்கூடிய முடிவுதான். ஆறரை அடிக்காரர் என்றால் வெளியிலிருந்து மூன்று புள்ளிப் பந்தை எறிய வேண்டும், அல்லது பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்த வேண்டும். ஹைன்ஸின் வேலை இரண்டுமல்ல. அவர் கூடைக்கு அடியில் ஆடுபவர். அங்கே ஆட அவருக்கு அரை அடி உயரம் குறைகிறது என்று கணித்தார்கள். ஆறரை அடி டிரேமண்ட் கிரீனைச் சென்டராக நிறுத்தி கோல்டன் ஸ்டேட் அணி பட்டம் வென்றது 2015-இல்தான். அதற்குள் ஹைன்ஸ் அதே வேலையைச் செய்து இரண்டு யூரோலீக் பட்டங்களை வென்றிருந்தார்.

பயணம் இத்தாலியில் தொடங்கியது. ரோமுக்குத் தென்கிழக்கே ஃபுரோசினோனே மாவட்டத்து மலையூர் வெரோலி. அதன் அணி இரண்டாம் பிரிவில் ஆடியது. ஐரோப்பாவுக்கு முதன்முறை வரும் அமெரிக்கர்களில் பலர் இப்படிப்பட்ட ஊர்களில்தான் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் ஒரே ஆண்டு ஒப்பந்தம். கிளப் தரும் வீடு, கிளப் தரும் கார். அணியில் அயல்நாட்டவருக்கு இத்தனை இடம்தான் என்ற வரம்பு. அந்த இடத்துக்கு வருபவர் புள்ளிகளைக் குவித்தே தன்னை நிரூபிக்க வேண்டும். குவிக்காவிட்டால் பருவத்தின் நடுவிலேயே வேறொருவர் வந்துவிடுவார். இந்த நெருக்கடி பலரைத் தன்னலமாக ஆட வைக்கும். பந்தைக் கையில் வாங்கினால் விட மனம் வராது. ஹைன்ஸ் வெரோலியில் இரண்டு பருவங்கள் தங்கினார். அவர் ஆட்டத்தில் அந்தப் பதற்றத்தின் தழும்பு எதுவும் படியவில்லை.

2010-இல் ஜெர்மனியின் பாம்பெர்க். கூடைப்பந்துப் பித்துக்குப் பேர்போன பவேரியப் பழநகரம் அது. அந்த ஒரே பருவத்தில் ஜெர்மன் லீக், ஜெர்மன் கோப்பை இரண்டையும் அணி வென்றது. லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஹைன்ஸ். யூரோலீக்கில் அவர் முதன்முதலாக ஆடியதும் அந்தப் பருவத்தில்தான். அவர் கிளம்பிய பின் அங்கே வந்தவர் பி.ஜே. டக்கர். அவரும் உயரம் போதாதவர். ஊர் ஊராக ஆடித் தேறியவர். மறு ஆண்டு அதே இறுதித் தொடரின் அதே விருதைப் பெற்றவர். பின்னாளில் ஹூஸ்டன் அணி அவரையே சென்டராக்கியபோது அமெரிக்கா அதைப் புதுமை என்று பேசியது. பாம்பெர்க் ரசிகர்கள் அப்படி ஓர் ஆட்டத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

ஹைன்ஸின் கலை முழு வடிவம் கொண்டது கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ் அணியில். துறைமுக நகரமான பிரேயஸின் கிளப் அது. 2011-இல் அவர் சேர்ந்தபோது கிரேக்கம் கடன் நெருக்கடியில் தத்தளித்தது. கிளப்பும் செலவைச் சுருக்கி, தியோடோசிச், பாப்பலூகாஸ், புரூசிஸ் போன்ற பெரிய பெயர்களை வெளியே விட்டிருந்தது. பயிற்சியாளர் துஷான் இவ்கோவிச். பந்தும் ஆட்டத்தின் கடிவாளமும் வாசிலிஸ் ஸ்பனூலிஸ் கையில். அவரைச் சுற்றி, கேட்ட வேலையைச் செய்யும் இளைஞர்கள். ஹைன்ஸ் போன்ற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்காது.

அவர் செய்த வேலையின் அருமை புரிய, ஐரோப்பிய ஆட்டத்தின் மையத்தில் இருக்கும் பிக் அண்ட் ரோலைத் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர் கார்டு. பந்து வைத்திருக்கும் கார்டைத் தடுப்பவருக்குக் குறுக்கே, அதே அணியின் சென்டர் வந்து அசையாமல் நிற்பார். அதுதான் ஸ்கிரீன். தடுப்பவர் அதில் மோதிப் பின்தங்க, கார்டு முன்னேறுவார். ஸ்கிரீன் போட்ட சென்டர் சுழன்று கூடையை நோக்கி ஓடுவார். தடுக்கும் அணிக்கு அந்த அரை வினாடியில் இரண்டு ஆபத்துகள். வழக்கமான உயரச் சென்டர் பின்வாங்கிக் கூடைக்கு அருகே நிற்பார். அப்போது கார்டு இடைவெளியில் நின்று நிதானமாக எறிவார். சென்டர் துணிந்து முன்னே பாய்ந்தால் முதுகுக்குப் பின்னே பாதை திறந்துவிடும்.

மூன்றாவது வழி சுவிட்ச். சென்டர் கார்டைப் பிடித்துக்கொள்வார், கார்டைத் தடுத்தவர் சென்டரைப் பிடித்துக்கொள்வார். சொல்ல எளிது. மைதானத்தில், கனத்த உடம்புடைய சென்டர் மின்னலாக நகரும் கார்டின் முன் தனியே மாட்டிக்கொள்வார். கார்டுகள் வேண்டியே இந்தச் சூழலை உண்டாக்கி, பின்னோக்கி இரண்டு அடி வைத்து, வேகமெடுத்து அவரைத் தாண்டிப் போவார்கள். ஹைன்ஸின் முன் இது நடக்கவில்லை. பத்துப் பேர் ஆடும் களத்தில் பந்தைவிட்டு அவர் கால்களை மட்டும் பார்த்தால் காரணம் தெரியும். இடுப்பு தாழ்ந்திருக்கும், பாதங்கள் தரையை விட்டு அதிகம் எழாது, சிறு சிறு அடிகளாகப் பக்கவாட்டில் நகரும். கார்டு தோளால் பொய்க்குறி காட்டினாலும் அவர் பார்வை எதிரியின் இடுப்பிலேயே இருக்கும். எறிவது போன்ற பாவனைக்கு அவர் துள்ளுவதில்லை. பந்து உண்மையாகவே கையை விட்டுக் கிளம்பும்போதுதான் நீண்ட கை மேலே போகும். தாக்கும் அணிக்கு உள்ளது 24 வினாடி. அதில் எட்டு பத்து வினாடிகளை இப்படிக் கரைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மறுபக்கம் இன்னொரு சிக்கல். ரியல் மாட்ரிட்டின் வால்டர் தவாரிஸ் போன்ற 2.20 மீட்டர் ஆளைக் கூடைக்கு அடியில் இவர் எப்படித் தடுப்பது? பந்து அவர் கைக்கு வந்த பிறகு தடுப்பது கடினம்; ஹைன்ஸ் அதற்கு முன்பே வேலையைத் தொடங்குவார். எதிராளி தனக்குப் பிடித்த இடத்துக்கு வந்து சேருமுன் தொடையாலும் மார்பாலும் முட்டுக்கொடுத்து அவரை ஓர் எட்டு வெளியே தள்ளி நிறுத்துவார். பந்து வரும் பக்கம் அரை உடம்பை முன்னே நுழைத்துப் பாஸைத் தயங்க வைப்பார். உயரமானவரின் ஈர்ப்பு மையம் மேலே இருக்கிறது. கீழிருந்து தாங்குபவரை அசைப்பது அவருக்குக் கஷ்டம். மீறிப் பந்து வந்து அதை ஒருமுறை தரையில் தட்டினால், அந்த உயரத்தில் ஹைன்ஸின் கைதான் முதலில் இருக்கும். உயரக் குறைவு இங்கே நேரடியான லாபமாகிவிடுகிறது.

ஐரோப்பிய விதிகளும் இதற்கு ஓரளவு துணை நின்றன. என்.பி.ஏ.வில் தடுப்பவர் எதிராளி ஒருவரைப் பக்கத்தில் காவல் காக்காமல் கூடைப் பகுதிக்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஐரோப்பாவில் அந்தத் தடை இல்லை. அதனால் பின்னாலிருந்து உதவிக்கு வர ஆள் இருப்பார். அந்த உதவியைச் சரியான கணத்தில் வரவழைக்க வேண்டும் என்றால் பேச வேண்டும். களம் முழுவதையும் பின்னிருந்து பார்ப்பவர் சென்டர். ஸ்கிரீன் எந்தப் பக்கம் வருகிறது, யார் மாற வேண்டும், யார் உள்ளே வர வேண்டும் என்று இடைவிடாமல் குரல் கொடுப்பதும் அவர் வேலையில் பாதி.

தாக்கும்போதும் அவர் தனக்கென்று பந்து கேட்டவரல்ல. யூரோலீக்கில் அவருடைய மொத்தச் சராசரி ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளிக்கும் குறைவு. ஸ்கிரீன் போடும் கோணத்தைக் கடைசி நொடியில் மாற்றி ஸ்பனூலிஸுக்கு ஓர் அடி இடம் பெற்றுத் தருவார். பின் சுழன்று ஓடி, ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்குவார். அங்கே நால்வருக்கு எதிராக மூவர் என்றிருக்கும் களத்தை ஒரே பார்வையில் அளந்து, மூலையில் நிற்பவருக்கோ கூடைக்கு அடியில் வெட்டி ஓடுபவருக்கோ கொடுப்பார்; யாருக்கும் வழியில்லை என்றால்தான் தானே ஏறுவார். சக ஆட்டக்காரர் தவறவிட்ட பந்தைப் பிடிப்பதில் தனித் தேர்ச்சி. கூடை வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, உயரமானவர் குதிக்கத் தயாராகுமுன் இடத்தைப் பிடித்திருப்பார்.

2012-இல் இஸ்தான்புல்லில் யூரோலீக் இறுதி ஆட்டம். எதிரே கிரிலென்கோ, தியோடோசிச், கிரிஸ்டிச் அடங்கிய மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ., ஐரோப்பாவின் பணக்கார அணிகளில் ஒன்று. மூன்றாம் கால் பகுதியில் 19 புள்ளி பின்தங்கியிருந்த ஒலிம்பியாகோஸ், தடுப்பாட்டத்தாலேயே ஏறி வந்தது. கடைசி நொடியில் ஸ்பனூலிஸ் கொடுத்த பந்தைப் பிரின்டேசிஸ் மிதக்கவிட, முடிவு 62–61. மறு ஆண்டு லண்டனில் பயிற்சியாளர் பார்ட்சோகாஸ். அரையிறுதியில் அதே சி.எஸ்.கே.ஏ.வை 52 புள்ளிக்குள் கட்டிப்போட்டார்கள். இறுதியில் ரியல் மாட்ரிட் 27–10 என்று முந்தியும், 100–88 என்று பட்டம் மீண்டும் பிரேயஸுக்கே போனது.

இரண்டு ஆண்டுகள் தங்களை வதைத்தவரை 2013-இல் சி.எஸ்.கே.ஏ. தன் பக்கம் அழைத்துக்கொண்டது. மாஸ்கோவில் ஏழு பருவங்கள். ஊர் ஊராகப் போகும் அமெரிக்கர்களில் ஒரே கிளப்பில் இவ்வளவு காலம் நிலைத்தவர்கள் குறைவு. உடம்பைக் கசக்கும் ஏழு பருவங்களும்கூட. யூரோலீக்குக்காக மாட்ரிட், ஏதென்ஸ், இஸ்தான்புல், ரஷ்யாவை மையமாகக் கொண்ட வி.டி.பி. லீக்குக்காக சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க், கஜகஸ்தானின் அஸ்தானா. 2016-க்குப் பின் யூரோலீக்கில் எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதத் தொடங்க, வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம் என்பது வழக்கமாயிற்று. உயரத்தை நம்பிச் சோம்பி ஆட வாய்ப்பே இல்லாத, ஒவ்வொரு அங்குலத்தையும் காலாலும் மூச்சாலும் ஈடுகட்ட வேண்டிய ஒருவர் இந்த அட்டவணையில் தேயாமல் இருந்ததே தனிச் சாதனை.

தோல்விகளும் அங்கே இருந்தன. 2014 மிலான் அரையிறுதியில் மக்காபி டெல் அவிவிடம் ஒரே புள்ளியில் தோற்றார்கள். 2015-இல் ஹைன்ஸின் பழைய அணியிடமே அரையிறுதியை இழந்தார்கள். 2016 பெர்லினில் ஃபெனர்பாசேவுக்கு எதிரே பெரிய முன்னிலை கரைந்து, க்ரியாபா தட்டிப் போட்ட பந்தால் கூடுதல் நேரம் கிடைத்து, 101–96 என்று வென்றார்கள். 2019-இல் ஸ்பெயினின் விட்டோரியாவில் எஃபெஸ் அணியை வீழ்த்தி நான்காவது பட்டம். யூரோலீக்கின் கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டம் ஃபைனல் ஃபோர்; 2012 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு ஃபைனல் ஃபோரிலும் அவர் ஆடியிருக்கிறார். 2020-இல் மட்டும் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. மூன்று கிளப்புகள்; அவற்றுக்கு ஒரே ஒரு பொது அம்சம் இவர்தான் என்னும்படி தொடர்ந்து ஒன்பது முறை. புள்ளிப்பட்டியலால் சொல்ல முடியாததை இந்த வரிசை சொல்லிவிடுகிறது.

2020-இல் மிலான் அழைத்தது. மாஸ்கோவில் அவருடைய முதல் பயிற்சியாளரான எத்தோரே மெஸ்ஸினா அப்போது ஒலிம்பியா மிலானோவைக் கட்டிக்கொண்டிருந்தார், சி.எஸ்.கே.ஏ.வில் அவருக்குப் பந்து கொடுத்த செர்ஜியோ ரொட்ரிகெசும் அங்கே இருந்தார். முதல் பருவத்திலேயே மிலான் 1992-க்குப் பிறகு முதன்முறையாக ஃபைனல் ஃபோர் போனது. அரையிறுதியில் பார்சிலோனாவின் கோரி ஹிக்கின்ஸ் கடைசி நொடியில் எறிந்த பந்து 84–82 என்று அவர்களை வெளியேற்றியது. ஹிக்கின்ஸ் மாஸ்கோவில் ஹைன்ஸோடு இரண்டு பட்டங்களையும் பகிர்ந்தவர். யூரோலீக் தன் 2010–20 பத்தாண்டுக்கான சிறந்த அணியைத் தேர்ந்தபோது ஹைன்ஸின் பெயரும் அதில் இடம்பெற்றது.

2022-இல், 35 வயதில், சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்றாம் முறை வந்தது. 2016, 2018-ஐத் தொடர்ந்து இது. அந்த வயதில் தாவும் உயரம் குறைந்திருந்தது. இடம் அறிந்து நிற்பது கூடியிருந்தது. முன்பு இரண்டு எட்டில் போய்ச் சேர்ந்த இடத்தில் இப்போது எதிரி வருமுன்பே நின்றிருந்தார். ரசிகனுக்கு அவர் ஆட்டத்தின் மிக அழகான கட்டம் இதுதான்: வேகம் வடிந்து, அறிவு மட்டும் மிஞ்சிய தடுப்பாட்டம்.

2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டும் விர்த்துஸ் பொலோன்யாவை இறுதித் தொடரில் வீழ்த்தி மிலான் இத்தாலியப் பட்டத்தை வென்றது. மூன்றாவது பட்டத்தோடு, யூரோலீக்கில் 400-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை முடித்த நிலையில், 37 வயதில் கைல் ஹைன்ஸ் ஓய்வு பெற்றார்.