'ஆயுதமேந்திய குடிமகன்' பத்தியும் கைத்துப்பாக்கிப் பயிற்சியும்

'தி ஆர்ம்டு சிட்டிசன்' (ஆயுதமேந்திய குடிமகன்) என்பது அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கம் வெளியிடும் 'அமெரிக்கன் ரைபிள்மேன்' இதழில் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கும் பத்தி. தாக்குதலுக்கு உள்ளான பொதுமக்கள் துப்பாக்கியின் துணையால் தப்பிய நிகழ்வுகளை இது சுருக்கமாகத் தருகிறது. கைத்துப்பாக்கி வைத்திருப்போரும் பயிற்றுநர்களும் இச்செய்திகளைப் பயிற்சிச் சூழல்களாக மாற்றிப் பயன்படுத்துவதுண்டு. அந்தப் பயன்பாட்டின் நிறைகுறைகள் இக்கட்டுரையில் மதிப்பிடப்படுகின்றன.

பின்னணி

தேசிய ரைபிள் சங்கம் 1871-இல் தொடங்கப்பட்டது. அதன் இதழ் 1923 முதல் இன்றைய பெயரில் வெளிவருகிறது. உள்ளூர் நாளேடுகளில் வந்த செய்திகளே பத்திக்கு மூலம். கடைக்காரரை மிரட்டிய திருடன், நள்ளிரவில் கதவை உடைத்தவன் என ஒவ்வொரு நிகழ்வும் சில வாக்கியங்களில் முடிந்துவிடும்.

'அமெரிக்கன் ஹேண்ட்கன்னர்' இதழில் மசாத் அயூப் எழுதிவரும் 'அயூப் ஃபைல்ஸ்' வேறு வகையைச் சேர்ந்தது. ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு, நடந்தது என்ன, அதிலிருந்து கற்கவேண்டியது என்ன என்று விரிவாக ஆராய்வது அதன் முறை.

அமெரிக்க மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இன்று உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். முறையான வகுப்பில் ஒருநாளும் உட்காராத பலருக்கு இத்தகைய இதழ்களே ஆசிரியர். ஆகவே அவை எதைக் கற்பிக்கின்றன என்ற கேள்வி உயிர் தொடர்பானது.

பயிற்சிக்குக் கிடைக்கும் நன்மை

சுடுதளத்தில் வரிசையாக நின்று, அசையாத காகித இலக்கைச் சுடுவது குறிபார்க்கும் திறனை வளர்க்கும். ஆபத்து எந்த வடிவில் வரும் என்பதை அது சொல்லித் தராது. இதழ்ச் செய்தி அந்த இடத்தை நிரப்புகிறது. இடம், நேரம், வெளிச்சம், எதிராளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் செய்தியிலிருந்து எடுத்து, நாற்காலியும் அட்டை இலக்கும் கொண்டு அதே சூழலை அமைத்துப் பார்க்க முடிகிறது.

இதன் பயனைப் பயிற்றுநர் கிளாட் வெர்னரின் ஆய்வு நன்கு காட்டுகிறது. 1997 முதல் 2001 வரை பத்தியில் வந்த 482 நிகழ்வுகளை அவர் தொகுத்து ஆராய்ந்தார். பாதிக்குச் சற்று மேற்பட்டவை வீட்டில் நடந்தவை. துப்பாக்கியை உடலில் அணிந்திருந்தவர்கள் 20 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்கள் அதை வைத்த இடத்திலிருந்து, பல வேளைகளில் அடுத்த அறையிலிருந்து, எடுத்து வந்தனர். சுட்டவர்கள் சராசரியாக 2 குண்டுகளே சுட்டனர். மீண்டும் தோட்டா நிரப்ப நேர்ந்தவை 3 நிகழ்வுகள். அவற்றுள் ஒன்றில் எதிரி மனிதனே அல்ல. தப்பி வந்த சிங்கம்.

1996-இல் உருவான ஐடிபிஏ அமைப்பின் தற்காப்புச் சுடுதல் போட்டிகளுடன் இதை ஒப்பிடலாம். அங்கே பெரும்பாலும் இடுப்புறையிலிருந்து துப்பாக்கியை உருவுவதில் ஆட்டம் தொடங்கும். ஒரு கட்டத்தில் 18 தோட்டாக்கள் வரை சுடலாம். தோட்டா நிரப்பும் வேகமும் மதிப்பெண்ணைப் பாதிக்கும். வெர்னரின் தொகுப்போ, இருட்டில் அலமாரியைத் திறப்பதையும், சுடும் முன் எதிராளியிடம் உரக்கப் பேசுவதையும் பழகச் சொல்கிறது. இந்த அளவில் இதழ்ச் செய்தி போட்டியைவிட நல்ல ஆசிரியர்.

விமர்சனம்

முதற்குறை தேர்வில் இருக்கிறது. தோல்வியில் முடிந்த நிகழ்வுக்கு இப்பத்தியில் இடமில்லை. வெர்னரும் தம் ஆய்வில் இதைக் குறிப்பிடுகிறார். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் சங்கத்தின் இதழ் தனக்கு ஏற்ற செய்திகளைத் தேர்வது இயல்பே. ஆனால் பரப்புரைக்குப் பொருந்தும் தேர்வு பாடத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது குறையை எண்களே சொல்கின்றன. வெர்னர் தொகுத்த நிகழ்வுகளில் 72 விழுக்காட்டில் தற்காத்துக்கொண்டவர் சுட்டிருக்கிறார். கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் இருவரும் 1995-இல் வெளியிட்ட தொலைபேசிக் கருத்தாய்விலோ, துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டதாகக் கூறியவர்களில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினரே சுட்டதாகச் சொன்னார்கள். கிளெக்கின் மொத்தக் கணக்கு மிகையானது என்று வாதிடுவோர் உண்டு. எனினும் துப்பாக்கி உரிமையாளர்கள் பெரிதும் எடுத்துக்காட்டும் ஆய்வே இதைச் சொல்வது கவனத்துக்குரியது. சுடாமல் முடிந்த நிகழ்வு நாளேட்டுக்குச் செய்தி ஆவது அரிது. நாளேட்டில் வராதது பத்தியிலும் வராது. பத்தியை மட்டும் படிப்பவர், எல்லா வினாவுக்கும் 'சுடு' என்பதே விடை எனக் காட்டும் வினாத்தாளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுகிறார்.

மூன்றாவது, கதை பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாள் நாளேட்டில் வருவது காவல்துறையின் முதல் தகவல் மட்டுமே. விசாரணை, வழக்கு, இழப்பீடு, சுட்டவரின் மனநிலை ஆகியவை பின்னர் வருபவை. 'அயூப் ஃபைல்ஸ்' நீதிமன்றம் வரை பின்தொடர்ந்து செல்வதால் இக்குறை அதில் குறைவு.

விடுபட்டதன் எடை

லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் 1992 அக்டோபரில் நடந்த நிகழ்வு இங்கு நினைவுகூரத்தக்கது. ஜப்பானிலிருந்து படிக்க வந்திருந்த 16 வயது மாணவர் யோஷிஹிரோ ஹட்டோரி, ஹாலோவீன் விருந்துக்கு வேடமணிந்து சென்றபோது தவறான வீட்டின் கதவைத் தட்டினார். வீட்டுக்காரர் ரிவால்வருடன் வந்து அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். மாணவர் நிற்காமல் நெருங்கி வந்தார். ஒரே குண்டில் இறந்தார். 1993-இல் நடுவர் குழு வீட்டுக்காரரைக் குற்றமற்றவர் என்றது. 1994-இல் உரிமையியல் நீதிமன்றம் 6,50,000 டாலருக்கும் மேல் இழப்பீடு தர ஆணையிட்டது.

வீடு, இரவு நேரம், குறைந்த தொலைவு, சுடும் முன் எச்சரிக்கை என்று பத்தியின் வழக்கமான சூழல் அனைத்தும் இதில் உண்டு. சுடும் திறனுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இது முழு மதிப்பெண் பெறும். ஆனால் கதவருகே வந்தவர் வழி தவறிய சிறுவர்.

மதிப்பீடு

இதழ்ச் செய்திகள் பயிற்சிக்கு உதவாதவை அல்ல. அவை காட்டும் இடமும் தொலைவும் நம்பத்தக்கவை. முடிவு மட்டும் முன்கூட்டியே வடிகட்டப்பட்டது. எனவே ஒரு செய்தியைச் சூழலாக மாற்றுபவர் அதைக் குறைந்தது மூன்று விதமாக அமைக்கவேண்டும். ஒன்றில் வந்தவன் தாக்குகிறான். மற்றொன்றில் துப்பாக்கியைக் கண்டதும் ஓடிவிடுகிறான். மூன்றாவதில் அவர் அண்டை வீட்டாராகவோ முகவரி தவறிய மாணவராகவோ இருக்கிறார். எது வரப்போகிறது என்பது பயில்பவருக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது. அப்போதுதான் கையோடு சேர்ந்து கண்ணும் காதும் நிதானமும் பயிற்சி பெறும்.