கண்ணுக்கு ஓர் இசைப் பத்திரிகை

பக்க அமைப்பைப் பற்றிப் பேசுவது நம் வட்டாரத்தில் கௌரவமான காரியமாகக் கருதப்படுவதில்லை. அது அச்சகத்துக்காரர் சமாசாரம். கவிதையைக் கொடுத்தோம், கோத்துத் தந்தார், இடம் மிஞ்சிய இடத்தில் ஒரு பூ ப்ளாக்கை வைத்தார், முடிந்தது. இந்த அலட்சியத்துக்குக் காரணம் உண்டு. அலங்காரத்தை வைத்தே பிழைக்கிற பெரும் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்து வந்த வெறுப்பு அது. ஆனால் வெறுப்பு விமர்சனம் ஆகிவிடாது. எந்த எழுத்து எந்த அளவில், எதற்குப் பக்கத்தில், சுற்றிலும் எவ்வளவு வெள்ளை விட்டு நிற்கிறது என்பது ஒரு மதிப்பீடு. செய்பவனுக்குப் பிரக்ஞை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மதிப்பீடுதான்.

இசைப் பத்திரிகை விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. கவிதைப் பத்திரிகை கவிதையை அச்சிடலாம். ஓவியப் பத்திரிகை, மோசமாகவாவது, ஓவியத்தை அச்சிடலாம். இசைப் பத்திரிகை மட்டும் தான் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதைத் தர முடியாமல் நிற்கிறது. காகிதத்தில் சப்தம் கிடையாது. அந்தக் காலி இடத்தில் எதைக் கொண்டு வைக்கிறது என்பதில் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். பெரும்பாலும் பாடுகிறவனின் முகத்தைக் கொண்டு வைக்கிறது. மாணவர்கள் கொண்டுவந்த இசைப் பத்திரிகைகளை வைத்து இதைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. தொழில் பழகியவர்கள் மறைக்கத் தெரிந்த விஷயங்களை அவர்கள் மறைப்பதில்லை.

1966 பிப்ரவரியில் அமெரிக்காவில், பென்சில்வேனியாவிலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த பால் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் 'க்ராடாடி!' என்று ஒரு பத்திரிகையை ஆரம்பித்தான். ஸ்டென்சிலில் தட்டெழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினில் சுற்றி எடுத்த 10 பக்கம், 500 பிரதி. லண்டனையடுத்த ரிச்மண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஆரம்ப நாட்களில் வாசித்த கிளப்பின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டான். அப்போது அங்கே பாப் இசைக்கென்று இருந்தவை இரண்டு ரகம். ஒன்று, ரிக்கார்டு வியாபாரிகளுக்கான 'பில்போர்டு' மாதிரிப் பத்திரிகைகள். மற்றது, 'டைகர் பீட்' மாதிரி, பள்ளிக்கூடத்துப் பெண்கள் படுக்கையறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளப் படம் விற்பவை. வில்லியம்ஸ் முதல் இதழிலேயே சொல்லிவிட்டான்: சுவரில் ஒட்டும் படம் கிடையாது, துணுக்குச் செய்தி கிடையாது, பாட்டைப் பற்றி யோசித்து எழுதிய எழுத்து உண்டு என்று.

இதை வெறும் கொள்கை அறிவிப்பாகப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். சாதாரண ஸ்டென்சிலில் புகைப்படம் ஏறாது. மெழுகுத் தாளை எழுத்து வெட்ட, வெட்டின வழியே மசி கசிய வேண்டும். ஒரு முகத்தின் நிழலும் வெளிச்சமும் அதில் வர வழியில்லை. தட்டச்சில் இருப்பது ஒரே அளவு எழுத்து. தலைப்பு பெரிதாக வேண்டுமானால் ஆணியைப் பிடித்துக் கையால் கீற வேண்டும். ஆகவே, மெஷின் முடியாது என்றதைத்தான் பையன் வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டானோ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதே ஸ்டென்சிலில் பீட்டில்ஸ் தலைமயிரைக் கோட்டில் இழுத்து ஒப்பேற்றியிருக்கவும் முடியும். கல்லூரிப் பத்திரிகைகள் அதைத்தான் எப்போதும் செய்கின்றன. அவன் பழகி வந்த இடம் வேறு. அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட சைக்ளோஸ்டைல் பத்திரிகைகளில் வளர்ந்தவன் அவன். 14 வயதிலேயே அப்படி ஒன்று நடத்தியிருக்கிறான். அங்கே ஒரு கதையை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சண்டை போடுவார்கள். அட்டையில் யார் முகம் என்ற பிரச்சினையே எழாது. அந்தச் சண்டையின் உருவத்தை அப்படியே ராக் இசைக்குக் கொண்டுவந்தான். அதற்கு முன் ராக் இசையைப் பற்றி அப்படிச் சண்டை போடலாம் என்பது அநேகம் பேருக்குத் தோன்றியிருக்கவில்லை.

விளைவு, அந்தப் பக்கங்களில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. படிக்க வேண்டும், படித்தால் எழுந்து போய் அந்த ரிக்கார்டை இன்னொரு தரம் போட வேண்டும். அவன் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு பால் சைமன் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார். பாடினவனையே கூப்பிட வைத்தது 10 பக்கத் தட்டச்சு. பிறகு 'க்ராடாடி!'யும் புகைப்படம் போட்டது, அச்சுக்கும் போயிற்று. 1968-ல் வில்லியம்ஸ் விலகிவிட்டான். அதற்குள் 1967 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 'ரோலிங் ஸ்டோன்' வந்தாயிற்று. அதன் முதல் இதழ் அட்டையில் ஜான் லென்னன், ராணுவ உடுப்பில், அவர் நடித்த ஒரு சினிமாவின் ஸ்டில். இசைப் பத்திரிகையின் முதல் அட்டை ஒரு சினிமாப் படம். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதற்குப் பத்து வருஷம் கழித்து இங்கிலாந்தில் நடந்ததைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1976-ல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி குமாஸ்தா, தட்டச்சும் தடித்த ஃபெல்ட் பேனாவும் ஜெராக்ஸும் கொண்டு 'ஸ்னிஃபிங் க்ளூ' என்று ஒன்று கொண்டுவந்தான். மாணவன் இல்லை, ஆனால் பின்னால் மாணவர்கள் நகல் எடுத்தது இவனைத்தான். பங்க் குழுக்கள் பெரிய கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட ஆரம்பித்த பிறகு, 1977-ல், தானே நிறுத்தியும் விட்டான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, 1977 ஜனவரியில் 'சைட்பர்ன்ஸ்' என்ற இதே ரகப் பத்திரிகையில் வந்த ஒரு படம். கிட்டாரின் கழுத்தைக் கட்டம் போட்டு, விரல் வைக்க வேண்டிய இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டிய மூன்று கார்டுகள்: ஏ, ஈ, ஜி. கையால் கிறுக்கியது. கீழே, இனி நீயே ஒரு குழுவை ஆரம்பித்துக்கொள் என்று ஒரு கட்டளை. அவ்வளவுதான். காகிதத்தில் சப்தம் கிடையாது என்றேன். இந்தப் படம் சப்தத்துக்கு வழி சொல்கிறது. பார்க்கிறவன் கையில் கிட்டார் இருந்தால் அடுத்த நிமிஷம் ஒலி வந்துவிடும். முகம் ஒன்றும் இதில் இல்லை; விரல் இருக்கிறது.

இந்தக் கரடுமுரடும் சீக்கிரமே பாணியாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் கத்தரித்து ஒட்டின மாதிரி எழுத்து இன்று கம்ப்யூட்டரில் ஃபாண்டாகக் கிடைக்கிறது. அவசரமே இல்லாதவன் அவசரத்தின் சின்னங்களை நிதானமாகத் தேர்ந்தெடுத்து ஒட்டிக்கொள்கிறான். நம் கவிதை இதழ்கள் சிலவற்றில் வேண்டுமென்றே கோணலாக வைத்த தலைப்புகளைப் பார்த்தபோதும் எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

இனி வருவது மாணவர் இசைப் பத்திரிகை பாடமாகவே ஆகிவிட்ட கதை. இங்கிலாந்தில் ஏ-லெவல் வகுப்புகளில் மீடியா ஸ்டடீஸ் ஒரு பாடம். ஓ.ஸி.ஆர். என்ற தேர்வு வாரியம் 2008-ல் தொடங்கிய பாடத்திட்டத்தில், அச்சு ஊடகத்தை எடுத்துக்கொண்ட மாணவன் செய்ய வேண்டியது இது: முதலில் பயிற்சிக்காக ஒரு பள்ளிப் பத்திரிகையின் அட்டை, பிறகு ஒரு புதிய இசைப் பத்திரிகையின் அட்டை, பொருளடக்கப் பக்கம், நடுவில் வரும் இரட்டைப் பக்கக் கட்டுரை. 100 மதிப்பெண்ணில் 60 இந்த மூன்றுக்கு. அந்தப் பாடத்திட்டம் நடப்பிலிருந்த ஏறக்குறைய பத்து வருஷங்களில் இப்படிப் பிறந்து, பிறந்த அன்றே காலமான இசைப் பத்திரிகைகளுக்குக் கணக்கிருக்காது.

2013-ல் வடமேற்கு லண்டனில் இருக்கும் என் அக்கா பையன் தன்னுடையதை அனுப்பி, "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டிருந்தான். கூடவே மதிப்பெண் விவரத்தையும் அனுப்பியிருந்தான். அதை இரண்டு தரம் படித்தேன். படத்தில் ஆள், உடை, வெளிச்சம், பின்னணி ஆகியவற்றின் தேர்வு. புகைப்படத்தை வெட்டுவது, அளவு மாற்றுவது. மொழியைப் பிழையில்லாமல் கையாள்வது. பக்க அமைப்பின் மரபுகளைப் புரிந்துகொண்டிருப்பது. எழுத்து வகையிலும் அளவிலும் வேறுபாடு தேவை என்ற உணர்வு. எல்லாம் இருக்கிறது. ஒரு பாட்டையாவது கேட்டிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. எழுத்து வகையில் வேறுபாடு என்ற ஒரே காரணத்தால் வில்லியம்ஸின் 10 பக்கம் இங்கே மதிப்பெண் இழந்திருக்கும்.

பையனின் அட்டையில் அவன் சிநேகிதன் ஒருவன் செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கிறான், தோல் ஜாக்கெட்டில், இரவல் கிட்டாரோடு. இடது கை விரல்கள் கிட்டாரின் கழுத்தில் இருக்கின்றன. எந்தக் கார்டிலும் இல்லை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்று நிறம். ஏன் என்று விளக்கமும் இருக்கிறது: 'என்.எம்.ஈ.' அப்படித்தான். வலது கீழ்மூலையில் விலையும் பார்கோடும். ஒருவரும் வாங்கப் போவதில்லை, எந்தக் கடை மெஷினும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த ஒரு பார்கோடை, சரியான அளவில், சரியான இடத்தில், பொறுப்பாக ஒட்டியிருக்கிறான். அதற்கும் மதிப்பெண் உண்டு, மரபு என்ற தலைப்பில். பக்கம் சுத்தமாக இருந்தது, வேலை தெரிந்திருக்கிறது. நான் அவனைக் குறை சொல்லவில்லை.

அந்த மரபுகள் யாருடையவை? பையன்கள் பிரதி எடுத்த 'என்.எம்.ஈ.' 2015-ல் இலவசப் பத்திரிகையாகி, 2018-ல் வார அச்சை நிறுத்தியது. 'க்யூ' 2020-ல் போயிற்று. 'மெலடி மேக்கர்' அதற்கெல்லாம் வெகு முன்னால், 2000-லேயே. வாசகர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த ஓர் உருவத்தை, எப்படி வாசகரைக் கவர்வது என்பதற்கு உதாரணமாகப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்தாபனங்கள் ஓர் உருவத்தைப் பாடமாக ஏற்றுக்கொள்ளும் சமயம் எப்போதும் இதுதான் போலிருக்கிறது.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். புகைப்படமும் எழுத்தும் மாணவன் சொந்தமாகச் செய்ததாக இருக்க வேண்டும், எங்கிருந்தும் எடுக்கக் கூடாது என்ற விதி நல்ல விதி. நம் ஊர்ப் பத்திரிகைகள் பலவற்றுக்கு அதை அனுப்பி வைக்கலாம். மரபைப் பின்பற்றினாயா, வளர்த்தாயா, எதிர்த்தாயா என்ற கேள்விக்கும் மாணவன் பதில் எழுத வேண்டும். ஆக, எதிர்ப்பதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த எதிர்ப்பும் விடைத்தாளில் ஓர் இனமாகத்தான் வருகிறது. எதிர்க்க வேண்டிய நிர்ப்பந்தம் எங்கிருந்து வரும்? வில்லியம்ஸுக்கு அது வந்தது, கேட்ட பாட்டுக்கும் அச்சில் பார்த்த பேச்சுக்கும் நடுவிலிருந்த தூரத்திலிருந்து. பாட்டே இல்லாத இடத்தில் தூரமும் இல்லை.

பையனுக்குப் பாட்டே இல்லாமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போகிறான், ஆறு வருஷமாக. கிட்டார் தெரியாது. அதை ஏன் அட்டையில் வைக்கவில்லை என்று கேட்டேன். "அது மேகஸின்ல வராது மாமா" என்றான். பாடத்திட்டம் அதைத் தடுக்கவில்லை. எந்த இசையையும் எடுத்துக்கொள்ளலாம். அவன் புரட்டிப் பார்த்து ஆராயச் சொன்ன பத்திரிகைகளில் மிருதங்கம் இல்லை, அதனால் இசைப் பத்திரிகையில் மிருதங்கம் இல்லை. மிருதங்கக்காரனை எப்படிப் பக்கத்தில் வைப்பது என்பது நிஜமாகவே ஒரு பிரச்சினை. உட்கார்ந்திருக்கிறவன், முகம் முக்கியமில்லை, கை இருப்பது இடுப்புக்குக் கீழே. அட்டை மரபு முகத்தோடு நின்றுவிடும். 1930-களில் ஆனந்த விகடனில் மாலி வரைந்த வித்வான்களைப் பார்த்தவர்களுக்கு இது தீராத பிரச்சினை இல்லை என்று தெரியும். வாய் கோணுகிற கணம், கை எழும்புகிற கணம், தோள் ஒரு பக்கம் சாய்கிற கணம் - கச்சேரியில் உட்கார்ந்து கேட்டவன் போட்ட கோடுகள் அவை. சாயல் பொருந்துவதோடு நிற்காமல், என்ன நடை என்றுகூடச் சொல்லிவிடலாம் போல இருக்கும். அந்த வழியைப் பையனுக்கு யாரும் காட்டவில்லை. அவனுடைய ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நாமும் மாலியை நகைச்சுவைக் கணக்கில் எழுதி மூடிவிட்டவர்கள்தான்.

இரட்டைப் பக்கக் கட்டுரையில், இல்லாத குழுவின் இல்லாத டிரம்மரோடு ஒரு பேட்டி. கேள்விகளும் பதில்களும் எங்கும் படிக்கக் கிடைப்பவை: எப்படிச் சந்தித்தீர்கள், அடுத்த ஆல்பம் எப்போது. நடுவில் ஒரு பத்தி மட்டும் தனியாக நிற்கிறது. குளிர்காலத்தில் ஹாலில் ஹீட்டரைப் போட்டுவிட்டால் தோல் காய்ந்து இறுகி ஸ்ருதி மேலே ஏறிவிடுகிறது, வாசிக்க உட்காரும்போது ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, ஒவ்வொரு தரமும் தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று டிரம்மர் அலுத்துக்கொள்கிறான். ராக் குழுக்களின் டிரம்மில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஹீட்டருக்கு அது அப்படி ஏறாது. 100 மதிப்பெண்ணுக்கான அந்த வேலை முழுவதிலும் காதால் எழுதப்பட்டது அந்த ஐந்து வரி. படத்துக்கு இடம் போதாமல் அந்தப் பத்தியை எட்டு பாயிண்டுக்குக் குறைத்து, ஜாக்கெட்டின் கறுப்பு மேல் வெள்ளை எழுத்தில் வைத்திருந்தான். திரையில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது.