தொற்று என்னும் சொல்

புதிய நோயொன்று நாட்டுக்குள் நுழையும்பொழுது அதனோடு புதிய சொற்களும் நுழைகின்றன. 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 பரவியபோது தமிழ் ஏடுகளும் வானொலியும் சில கிழமைகளுக்குள் ஒரு முழுச் சொற்றொகுதியையே ஆக்கித் தந்தன. கிருமித்தொற்று, கொள்ளைநோய், முகக்கவசம், தனிமைப்படுத்தல், பாதுகாப்பு இடைவெளி ஆகியன கடைத்தெருவிலும் வழங்கலாயின. அவ்விரைவு பாராட்டற்குரியது. ஆயினும், அவசரத்தில் பிறந்த சொல்லை ஆறியமர்ந்து ஆராயும் கடமை தமிழாசிரியர்க்கு உண்டு. ஐந்தாண்டுகளுக்குமேல் சென்றும் அவ்வாராய்ச்சி போதிய அளவில் நடைபெறவில்லை. சொல் பிழைபட்டால் இங்குப் பிழைபடுவது நடை மட்டுமன்று. நோயைத் தடுக்கும் முறையும் பிழைபடுகிறது.

முதற்கண் 'தொற்று' என்பதையே எடுத்துக்கொள்ளலாம். தொற்றுதல் என்பதற்குப் பற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். குழந்தை தாயின் இடுப்பில் தொற்றிக்கொள்கிறது. இளைஞன் ஓடும் பேருந்தில் தொற்றிக்கொள்கிறான். பழைய வழக்கான 'ஒட்டுவாரொட்டி' என்பதும் இதே கருத்தினது. தொட்டால் ஒட்டும் என்னும் எண்ணம் இச்சொற்களின் வேரிலேயே இருக்கின்றது. சொறி, சிரங்குக்கு இவை பொருந்தும். கொவிட்டுக்கோ இவை பாதி வழிதான் காட்டின. மக்கள் கதவுக் கைப்பிடியைத் துடைத்தார்கள்; காய்கறியைக் கழுவினார்கள்; கடித உறையை வெயிலில் வைத்தார்கள். கை கழுவுதல் நன்றே. ஆனால், மூடிய அறையில் பலர் விட்ட மூச்சையே மீண்டும் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்ததை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

குற்றம் தமிழின் மேல் மட்டும் அன்று. உலகச் சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சு 28ஆம் நாள், இந்நோய் காற்றுவழிப் பரவுவதன்று என்று உறுதிபட அறிவித்தது. இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகள் சிறிது தொலைவிலேயே தரையில் விழுந்துவிடும் என்பது அதன் கருத்து. அவ்வாண்டு சூலையில் 239 அறிவியலாளர் கூடி மறுப்பு எழுதினர். துளியைவிட மிக நுண்ணிய துகள்கள் பேச்சிலும் பாட்டிலும் வெறும் மூச்சிலுங்கூட வெளிப்பட்டு, புகைபோல் அறையில் மிதக்கும் என்பது அவர்தம் வாதம். 'காற்றுவழி' என்னும் சொல்லை நிறுவனம் வெளிப்படையாக ஏற்றது 2021 டிசம்பரிலேதான். அதன் தலைமை அறிவியலாளராக இருந்தவர் சென்னையில் பிறந்த சௌம்யா சுவாமிநாதன். 2022இல் பதவி விலகுங்கால், இதனை இன்னும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும் என அவர் ஒப்புக்கொண்டார். அறிவுடையோர்க்கு அழகு அது.

துளியா, மூச்சா என்னும் வழக்கிற்குச் சீனாவின் குவாங்சௌ நகர உணவகம் ஒன்று நல்ல சான்று. 2020 சனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். சன்னலற்ற, குளிரூட்டப்பட்ட கூடத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பத்தார் உணவருந்தினர். ஒரு குடும்பம் ஊகானிலிருந்து வந்தது. பின்னர் மூன்று குடும்பத்தாருள்ளும் பத்துப் பேர் நோயுற்றனர். முதலில் எழுதிய ஆய்வாளர், குளிரூட்டியின் காற்று துளிகளைத் தள்ளிச் சென்றது என்றனர். பின்னர் ஆராய்ந்தவர்களோ அவ்விடத்தில் ஓர் ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவுகூடப் புதுக்காற்று வரவில்லை எனக் கண்டனர். ஒரே காற்று அம்மூன்று மேசைகளையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றது. துளி என்று சொன்னால் மேசைகளைத் தள்ளிப் போடத் தோன்றும்; மூச்சு என்று சொன்னால் சன்னலைத் திறக்கத் தோன்றும். ஒரு சொல்லின் வேறுபாடு இவ்வளவு தூரம் செல்கின்றது.

இவ்வேறுபாடு பள்ளிக்கு மிக அணுக்கமானது. சுவரில் பொருத்தும் குளிர்சாதனப் பெட்டி அறையின் காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பித் தருகின்றது, வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. துணைப்பாட வகுப்பு நடக்கும் அறைகளில் கதவும் சன்னலும் சாத்தப்பட்டிருப்பது இந்நாடுகளில் அன்றாடக் காட்சி. இத்தாலியின் மார்க்கே வட்டாரத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வகுப்பறைகளை ஒப்புநோக்கினர். அவற்றுள் 316 அறைகளில் இயந்திரக் காற்றோட்டம் இருந்தது. மாணவர் ஒருவர்க்குக் கிடைத்த புதுக்காற்று கூடக்கூட நோய் குறைந்தது. கொதித்தாறிய நீரைப் பருகுக என்று தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்கள் கற்பித்தன; பிள்ளைகளும் கற்றுக்கொண்டனர். மூச்சுக்காற்றைப் பற்றி அத்தகைய ஒரு வரி பாடநூலில் ஊன்றவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் துளி, தூவல் என்னும் பழைய பிரிவினையைக் கைவிட்டு, நோய்க்கிருமி தாங்கிய மூச்சுத் துகள் என்னும் பொருள்பட ஒரே தொடரை வகுத்தது. 'மூச்சுத் துகள்' என்று தமிழிலும் சொல்லலாமே! எளிய சொல்; ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

'முகக்கவசம்' நன்றாக அமைந்த சொல். முகமூடி என்றிருந்தால் கள்வனும் கூத்தாடியும் நினைவுக்கு வருவர். 'தடுப்பூசி' அவ்வாறன்று. அம்மை ஊசியைக் கண்டு பழகிய மக்கள், போட்டபின் நோய் அணுகாது என்றே அச்சொல்லைக் கேட்டு நம்பினர். ஊசி போட்டவர்க்கும் கொவிட் வந்தபோது, ஊசி பொய்யென்று சிலர் பேசத் தலைப்பட்டனர். உண்மையில் அவ்வூசி இறப்பையும் கடுநோயையும் பெரிதும் தடுத்தது. நெடுநாள் பாதிப்பின் வாய்ப்பையும் குறைக்கின்றது. நோய் பிடிப்பதைத் தடுக்கும் ஆற்றலோ சில திங்களில் தேய்கின்றது. தடுப்பு முழுவதையும் ஒரு சொல்லுக்குள் அடைத்ததனால், ஊசியோடு தடுப்பு முடிந்தது என்னும் மயக்கம் பிறந்தது.

இனி, 'கொள்ளைநோய்க்குப் பிந்தைய காலம்' என்னும் தொடர். கொள்ளையர் வந்தனர், கொள்ளையடித்தனர், சென்றனர் என்பது போன்றதோர் ஓசை இதில் உண்டு. மலேசியா 2022 ஏப்ரல் முதல் நாள், நோய் நிலைபெற்றுவிட்ட கட்டத்துக்கு மாறத் தொடங்கியது. சிங்கப்பூர் 2023 பிப்ரவரி 13ஆம் நாள் எச்சரிக்கை நிலையைப் பச்சைக்கு இறக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் அவ்வாண்டு மே 5ஆம் நாள் நெருக்கடிநிலையை நீக்கியது. நீங்கியது நெருக்கடிநிலை, நோய் நீங்கவில்லை. அதே 2023 டிசம்பர் 3 முதல் 9 வரையிலான ஒரே வாரத்தில் சிங்கப்பூரில் 56,043 பேர்க்கு நோய் கண்டிருக்கும் எனச் சுகாதார அமைச்சு மதிப்பிட்டது. நிலைபெற்ற நோய் என்பது தீங்கற்ற நோய் என்று பொருள்படாது. காசநோய் பல நாடுகளில் நிலைபெற்ற நோய்தான்.

எல்லாவற்றினும் மிகுதியாக ஏமாற்றியது 'இலேசான' என்னும் அடைமொழி. மருத்துவமனையில் சேர்க்க வேண்டாதது என்பதற்கு மருத்துவர் இட்ட குறி அது. மக்கள் அதனைப் பின்விளைவு இல்லாதது எனக் கொண்டனர். பிரிட்டனில் 51 முதல் 81 அகவை வரையுள்ள 785 பேரின் மூளையை இருமுறை படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. இடைக்காலத்தில் கொவிட் கண்டவர் 401 பேர். அவருள் மருத்துவமனை சென்றவர் 15 பேரே. அப்படியிருந்தும், நோய் காணாதவரைவிட அவர்தம் மூளையில் மணம் அறிதலோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாக மெலிந்திருந்தன. வேறுபாடு சிறிதே, ஆனால் இலேசு என்னும் சொல் அச்சிறிதையும் மறைத்துவிடுகிறது.

நோயுற்றவருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர்க்கு நெடுநாள் பாதிப்பு ஏற்படுகின்றது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு முறை நோய் வரும்போதும் அவ்வாய்ப்பு மீண்டும் வருகின்றது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை ஆக்கியவர் மருத்துவர் அல்லர். நோயுற்றுத் துன்புற்ற எலிசா பெரேகோ என்னும் இத்தாலியத் தொல்லியல் அறிஞர். 2020 மே மாதம் டுவிட்டரில் அவர் எழுதிய சொல்லைப் பிற நோயாளிகள் கைக்கொண்டனர். மருத்துவ உலகம் பின்னர் ஏற்றது. தமிழிலோ நீண்டகாலக் கொவிட், நெடுங்கொவிட், கொவிட்டுக்குப் பிந்தைய பாதிப்பு எனப் பலவாறு எழுதுகின்றனர். 'நெடுங்கொவிட்' சுருக்கமானது, நெடுநல்வாடை என்னும் பெயரைக் கேட்ட செவிக்கு இணக்கமானது. 'பிந்தைய' என்பது முடிந்துபோன ஒன்றின் எச்சம் போல ஒலிப்பதால் விலக்கத்தக்கது.

அந்நோயின் குறிகளுக்குப் பெயரிடுவதில் இன்னும் கூர்மை வேண்டும். சிறிது உழைத்தாலும் மறுநாள் எழ முடியாத அயர்வு அதன் முதற்குறி; அது களைப்பு அன்று, உறங்கி எழுந்தால் தீர்வதும் அன்று. எண்ணம் கலங்கி, படித்தது நில்லாமற்போகும் நிலையைச் சிலர் 'மூளைப் பனி' என மொழிபெயர்க்கின்றனர். பனியறியா இந்நாட்டார்க்கு அது குளிர்ச்சியையே நினைவூட்டும். புகைமூட்டத்தை இவர்கள் நன்கறிவர். 'மூளைமூட்டம்' என்றால் எடுத்த எடுப்பில் விளங்கும். 'மந்தம்' என்று எழுதுவோரும் உளர். அச்சொல் பள்ளிக்கூடத்தில் நெடுங்காலமாக வேறொரு பொருளில் வழங்கி வருகின்றது. கொவிட் வந்து மூன்று திங்கள் சென்றபின்னும் பாடத்தில் பின்தங்கும் பிள்ளையின் தேர்ச்சியறிக்கையில் 'மந்தம்', 'சோம்பல்' என்று எழுதுமுன், அப்பிள்ளைக்கு எத்தனை முறை நோய் கண்டது எனப் பெற்றோரை ஆசிரியர் கேட்டறிதல் வேண்டும்.