தேறலும் மீன்சூடும்

கள் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டுத் தமிழாசிரியர் தயங்குவது இயல்பே. தோட்டப்புறக் கள்ளுக்கடை உழைப்பாளியின் கூலியை விழுங்கிய கதையை நாம் அறிவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. ஆதலின், ஜெலாப்பாங் போன்ற ஊரில் சிறுபாணாற்றுப்படையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர், உண்டாட்டுப் பகுதியைக் 'கள் குடித்தனர்' என ஒரு தொடரில் முடித்து அப்பாற் செல்வாராயின், அவர் மனம் நமக்கு விளங்குகிறது. ஆயினும் அவ்விடத்தில் இலக்கிய இழப்பு ஒன்று நேர்கிறது.

அவ்விழப்பை உணர, பானத்தையும் நிலத்தையும் பிரிக்காமற் பேசும் வேறொரு நாட்டை நோக்குவோம். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில், செங்குத்தான பலகைக்கற் சரிவுகளில் ரீஸ்லிங் என்னும் திராட்சை விளைகிறது. பகலில் ஏற்ற வெப்பத்தை அக்கல் இரவிற் கொடிக்கு அளிக்கும். குளிர்நாட்டுக் கனியாதலின் புளிப்பு மிகும். அதனை ஈடுசெய்யச் சிறிது இனிப்பை எஞ்சவிடுவர். அத்தகைய இளந்தித்திப்பு மதுவை 'ஹால்ப்ட்ரோக்கன்', அதாவது 'அரை உலர்ந்தது', என்பர். லிட்டருக்கு 18 கிராமுக்கு மேல் சர்க்கரை இருத்தலாகாது என்பது விதி. ஆற்று மீனுக்கும் காரமான உணவுக்கும் அது பொருந்தும் என்பர். நான்காம் நூற்றாண்டில் அவ்வாற்றைப் பாடிய உரோமப் புலவர் ஔசோனியுசு, திராட்சைச் சரிவுகளோடு ஆற்று மீன்களையும் வகைவகையாக அடுக்கினார். இரண்டும் ஒரே நிலத்தின் செல்வம் அன்றோ?

இப்போது நல்லூர் நத்தத்தனாரிடம் மீள்வோம். சிறுபாணாற்றுப்படையின் நெய்தற் பகுதியில், நுளைமகள் வடித்தெடுத்த பழைய தேறலும், உலர்ந்த குழல்மீனைச் சுட்ட சூடும் பாணர்க்கு ஒருங்கே கிடைக்கின்றன. கடற்கரைக்குக் கடற்கரை உணவே இணை. மலைபடுகடாமிலோ நிலம் மாறுகிறது, பானமும் மாறுகிறது. அங்கே மூங்கிற் குழாயில் விளைந்த தேன்தேறல் வருகிறது. மறுநாள் விடியலில் அதன் செருக்குத் தீர, புளியும் மோரும் சேர்த்து ஆக்கிய மூங்கிலரிசிச் சோறும் வருகிறது. நெய்தலும் குறிஞ்சியும் நாவிலேயே வேறுபடுகின்றன.

தேறல் என்பது 'தேறு' என்னும் அடியிற் பிறந்து தெளிந்ததைக் குறிப்பது. வடித்தலும் காத்திருத்தலும் அச்சொல்லிலேயே உள்ளன. அதனையும் நறவையும் தோப்பியையும் கள் என்றே பெயர்த்துவிடும் எளிய உரை, திணையை அழித்துவிடுகிறது. நக்கீரர் புறநானூற்று 56ஆம் பாட்டில், யவனர் நற்கலத்திற் கொணர்ந்ததைத் தேறல் என்றே சுட்டினார். 1945இல் அரிக்கமேட்டு அகழாய்வில் உரோம நாட்டு மதுச்சாடிகள் வெளிப்பட்டன. நுளைமகள் வடித்ததற்கும் கடல் கடந்து வந்ததற்கும் ஒரே சொல் நின்றது என்பது எண்ணத்தக்கது.

இதனாற் குடியைப் புகழ்ந்தோம் என்று எவரும் மயங்கற்க. வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை அதே வகுப்பில் நடத்துக. கள்ளுக்கடையின் கண்ணீரையும் மாணவர்க்குக் கூறுக. ஆனால் அக்கடையின் நிழலைப் பழம்பாட்டின்மேற் படரவிட வேண்டா. குழல்மீன் சுடும் மணத்தை மாணவன் உணர்ந்தால், நெய்தல் நிலம் அவனுக்குப் புலப்படும்.